பிரேக் மேல் போட்ட பழி

ஒரு டயரை அவன் கழற்றி மாட்டுவதற்குள் வண்டிக்காரர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு வந்துவிடலாம். அவ்வளவு நிதானம். அதனால்தான் அந்தத் தெருவின் மற்ற மெக்கானிக்குகள் அவனுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்தார்கள். கேலிக்கு வைத்த பெயர் போகப்போகப் பட்டறைக்கும் பெயராகிவிட்டது. அவனுக்கு அதில் வருத்தமில்லை. எக்ஸ்பிரஸ் மாட்டிய சக்கரம் வழியில் கழன்றது என்று இதுவரை ஒருத்தரும் வந்து நின்றதில்லை.

அன்று காலை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தான். தெருமுனையில் அக்காவின் கணவர் ஓடிவருவது தெரிந்தது. மாமா வீட்டு வாசலைத் தாண்டியே மாதக்கணக்கில் ஆகியிருந்தது. காலில் செருப்பில்லை. சட்டைப் பித்தான்கள் ஏறுமாறாகப் போட்டிருந்தன. அக்காவுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து, ஷட்டரை அப்படியே விட்டுவிட்டுத் தெருவில் இறங்கினான்.

"மாப்ளே! எரியுதுடா!"

"என்ன மாமா எரியுது? வீடா?"

"லைட்டுடா! பிரேக் லைட்டு! சாவியத் திருப்பினேன், டேஷ்போர்டுல செக்கச்செவேல்னு எரியுது. அன்னிக்கே சொன்னேன்ல? அழுத்தினேன், பிடிக்கலைன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்ல? ஒருத்தராவது நம்புனீங்களா?"

மூச்சு வாங்கியது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எக்ஸ்பிரஸுக்கு இன்னும் பயம் வந்தது.

மாமாவுக்கு டாக்சிதான் சோறு போட்டது. வேறு தொழில் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசைப்பட்டதில்லை. போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், எதிர்ப்புறம் நின்ற பஸ்ஸைப் பிடிக்க ஒரு பெண் குடையை முகத்துக்கு நேரே சாய்த்துக்கொண்டு சாலைக்குக் குறுக்கே ஓடினாள். மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். மாமாவின் வண்டி அவள் மேல் மோதியது. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் உயிர் போய்விட்டது. அதுவரை அவள் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தது மாமாதான்.

விசாரணை நடந்தது. வண்டியைச் சோதித்தவர்கள் பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். பார்த்தவர்கள், அந்தப் பெண் திடீரென்று ஓடிவந்தாள், டிரைவர் வேகமாக வரவில்லை என்றார்கள். யார் மேலும் தப்பில்லை, மழையில் நடந்த விபத்து என்று முடித்துவிட்டார்கள். லைசென்ஸ் திரும்பி வந்தது, வண்டி திரும்பி வந்தது. மாமா மட்டும் இன்னும் அந்தச் சாலையிலேயே நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரே கேள்விதான்: "பிரேக் நல்லா இருந்துச்சுன்னா ஏன் பிடிக்கல?" கேட்டவர்கள் ஏதோ சமாதானம் சொல்லிவிட்டு நழுவினார்கள். பிறகு வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

வண்டி வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. அன்று காலை அங்கே குழாய் பதிக்கத் தோண்டவேண்டும், வண்டியை எடுங்கள் என்று ஆட்கள் வந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள். வேறு வழியில்லாமல் மாமா சாவியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறார். பேட்டரி செத்திருக்க வேண்டியது. சாகவில்லை. அவ்வளவு நாளுக்குப் பிறகு வண்டி அவரிடம் சொன்ன முதல் சேதி அந்தச் சிவப்பு விளக்கு.

எக்ஸ்பிரஸ் ஜாக்கியையும் ஸ்பேனர் பையையும் தூக்கிக்கொண்டு அவரோடு நடந்தான். வழியெல்லாம் மாமா பேசிக்கொண்டே வந்தார். எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் வணக்கம் வைத்தார். பலர் அதிர்ந்துபோய்ப் பதில் வணக்கம் வைத்தார்கள்.

சந்தில் வண்டியைத் தூக்கி, முன்பக்க இடது சக்கரத்தைக் கழற்றினான். சக்கரத்தோடு சுழலும் டிஸ்கின் மேல் லேசாகத் துரு. அதைக் கவ்விக்கொண்டிருந்த பிரேக் பேடு இரண்டும் கட்டைவிரல் தடிமனுக்குக் கெட்டியாக இருந்தன. விபத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி சர்வீஸுக்கு வந்தபோது, மாமாவிடம் தனியாகச் சொல்லாமல் அவனே மாட்டியவைதான். பேடு தேய்ந்துபோனால் காட்டிக்கொடுப்பதற்கென்று அதன் ஓரத்தில் ஒரு சின்ன சென்சார் செருகியிருக்கும். பேடு தேயத்தேய அது டிஸ்கில் உரசி அறுந்து, உள்ளே விளக்கை எரியவைக்கும். இங்கே சென்சார் உரசவே இல்லை. அதிலிருந்து வரும் ஒயர்தான் அறுந்திருந்தது. அறுந்த முனையில் பொடிப்பொடியாகப் பல் தடம். மேலே பார்த்தான். சக்கரத்துக்கு மேல் இடுக்கில் கந்தல் துணியும் காகிதத் துணுக்கும் சேர்த்து எலி ஒன்று கூடு கட்டியிருந்தது.

வண்டி ஓடாமல் கிடந்தபோது கடித்திருக்கிறது. அந்தச் சாயங்காலத்துக்கும் இந்த விளக்குக்கும் எள்ளளவும் சம்பந்தமில்லை.

"என்னடா, தேஞ்சிருக்கா?" மாமா குனிந்தார்.

சட்டென்று உடம்பால் மறைத்துக்கொண்டான். "மாமா, உள்ள உக்காந்து பிரேக்க ஒரு தடவ மிதிங்க. பாக்கறேன்."

மாமா போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

"மிதிச்சீங்களா?"

"கால் போக மாட்டேங்குதுடா."

எட்டிப் பார்த்தான். மாமாவின் வலது கால் பெடலுக்கு மேலே அந்தரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை.

"வேணாம் மாமா, விடுங்க. போயி மூஞ்சி கழுவிட்டு வாங்க."

அவர் உள்ளே போனதும் அக்கா வந்தாள். கையில் டீ. அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள்.

"என்னடா ஆச்சு வண்டிக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. எலி கடிச்சிருக்கு. பிரேக் புதுசாட்டம் இருக்கு."

அக்கா டம்ளரை மண்ணில் வைத்துவிட்டு அவன் பக்கத்தில் குந்தினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அதச் சொல்லாத."

"பின்ன?"

"பிரேக்தான்னு சொல்லு. காலைலருந்து அவரப் பாத்தேல்ல? இப்ப உள்ள வந்ததும் ஷேவ் பண்ண பிளேடு கேட்டார்டா. எனக்குக் கொடுக்கவே பயமா இருந்துச்சு, ஆனாலும் ஷேவ் பண்ணத்தான் கேட்டார். எத்தன நாளாச்சு தெரியுமா?"

"பொய் சொல்லச் சொல்றியா?"

"ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணி வெக்கிறாங்க. ஒரே ஒரு பொய் சொல்லி ஒரு மனுசன எழுப்பக் கூடாதா? பிரேக்குக்கு வாயா இருக்கு, இல்லைனு சொல்ல? பழிய அது மேல போடு. அது தாங்கும். இவர் தாங்க மாட்டார்."

எக்ஸ்பிரஸ் டீயை எடுத்துக் குடித்தான். ஆறிப்போயிருந்தது.

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனான். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் புது சென்சார் வாங்கினான். மறுநாள் மாமா வருவதற்கு முன்பே வேலையை முடித்துவிட வேண்டும் என்று நினைத்தான். ஆனால் அவனுடைய நிதானம்தான் ஊரறிந்ததாயிற்றே. எலிக்கூட்டைப் பிரித்தெடுத்து, பழைய சென்சாரைப் பேடிலிருந்து நெம்பி எடுத்து, ஒயரை ஒவ்வொரு கிளிப்பாகக் கழற்றி முடிப்பதற்குள் மாமா வந்துவிட்டார். தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையில். வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு, கல்யாண வீட்டில் பந்திக்கு உட்காருகிற மாதிரி எதிரில் உட்கார்ந்தார்.

எக்ஸ்பிரஸ் அவர் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தான். புது சென்சாரைப் பேடின் பள்ளத்தில் வைத்து, கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்தினான். ஒயரைப் பழைய வழியிலேயே, ஸ்டியரிங் திரும்பும்போது இழுபடாத அளவுக்குத் தளர்வு விட்டுக் கொண்டுபோனான். சொருகுமிடத்தில் இருந்த தூசியைத் துணியால் துடைத்து, ஊதி, மாட்டினான். சக்கரத்தைப் பூட்டினான். சாவியைத் திருப்பினான். மற்ற விளக்குகளோடு சேர்ந்து அந்தச் சிவப்பும் ஒருமுறை எரிந்து, அணைந்தது. அணைந்தபடியே இருந்தது.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு மாமா."

"கழட்டின பேட எங்க? காட்டு."

வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான் எக்ஸ்பிரஸின் கை யோசிக்காமல் வேலை செய்தது. பக்கத்திலிருந்த கழிவு டப்பாவுக்குள் போய், எந்த வண்டியிலிருந்தோ எப்போதோ எடுத்துப் போட்ட ஒரு பேடை எடுத்து நீட்டியது. அட்டை மாதிரித் தேய்ந்து, இரும்பு தெரிந்துகொண்டிருந்த பேடு.

மாமா அதை இரண்டு உள்ளங்கையிலும் வாங்கிக்கொண்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் தடவினார். பிறகு தோள் குலுங்க அழ ஆரம்பித்தார். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எக்ஸ்பிரஸ் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். துடைக்க ஒன்றும் இல்லாமல் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு அக்கா வீட்டில் கொஞ்ச நாள் வெளிச்சம் வந்தது. மாமா வயிறாரச் சாப்பிட்டார், தூங்கினார், பக்கத்து வீட்டுக்காரரோடு குழாய்ப் பள்ளத்தைப் பற்றிச் சண்டை போட்டார். சண்டை போட்டதை அக்கா பட்டறைக்கே வந்து பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனாள். பொய் இவ்வளவு நல்லது செய்யுமா என்று எக்ஸ்பிரஸுக்கே ஆச்சரியமாக இருந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்று அப்போது தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து, "கிளம்பு" என்றார். கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம்.

"எங்க மாமா?"

"அந்தப் பொண்ணு வீட்டுக்கு. அவ புருசன் இருக்கார்ல? அவருக்குத் தெரியணும்டா. நான் குடிச்சிருந்தேனோ, தூங்கினேனோ, எங்கயோ பராக்கு பாத்தேனோன்னு அந்த மனுசன் என்னென்ன நெனச்சிட்டிருப்பாரு? பிரேக்தான்னு தெரிஞ்சா அவருக்கும் ஒரு ஆறுதல். நான் சொன்னா நம்ப மாட்டாரு. நீ மெக்கானிக், நீ வந்து சொல்லு."

"வேணாம் மாமா. ஆறின புண்ண ஏன் கிளறணும்?"

"யாருக்கு ஆறிச்சு? நீ வரலைனா நான் தனியாப் போறேன்."

தனியாக விட முடியவில்லை. வழியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். வண்டியை அவன்தான் ஓட்டினான். ஒவ்வொரு சிக்னலிலும் வாயைத் திறந்தான். ஒவ்வொரு தடவையும் மாமா பொட்டலத்தை மடியில் சரிசெய்து வைத்துக்கொள்வதைப் பார்த்து மூடிக்கொண்டான்.

அந்தப் பெண்ணின் கணவர் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை செய்கிறவர். மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. கதவைத் திறந்தவர் மாமாவை உடனே அடையாளம் கண்டுகொண்டார். ஒரு கணம் தயங்கி, "வாங்க" என்று உள்ளே கூப்பிட்டார். ஒல்லியான மனிதர். விரல் நுனிகளில் பசை காய்ந்து வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது. துணி மடித்துக்கொண்டிருந்திருக்கிறார். நாற்காலியிலிருந்த மடிப்பை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு உட்காரச் சொன்னார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"நல்லா இருக்கீங்களா?" என்று அவர்தான் முதலில் கேட்டார். "உங்களப் பத்தி அப்பப்ப நெனச்சுப்பேன். ஆஸ்பத்திரில நீங்க அழுதது கண்ணுலயே நிக்குது."

அந்த வார்த்தையே போதுமாக இருந்தது. அங்கேயே எழுந்து வந்திருக்கலாம். மாமா பொட்டலத்தைப் பிரித்தார்.

"இதப் பாருங்க. என் வண்டியோட பிரேக் பேடு. எப்படித் தேஞ்சிருக்கு பாருங்க. நான் அழுத்தினேங்க. சத்தியமா அழுத்தினேன். இதுதான் பிடிக்கல. இவன் என் மச்சினன், மெக்கானிக். இவன்தான் கழட்டினான். சொல்லுடா."

அவர் பேடை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வேறு யாருடையதோபோல ஆகியிருந்தது.

"பிரேக் நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்களே?"

"அவங்க சரியாப் பாக்கலைங்க. இதோ, இதுதானே சாட்சி?"

"அப்ப..." அவர் நிறுத்தி நிறுத்திப் பேசினார். "அப்ப இது இப்படித் தேஞ்சு கெடக்கு. மழை பெய்யுது. நீங்க இத வெச்சுக்கிட்டு ஓட்டினீங்க."

மாமா பொட்டலக் காகிதத்தை மடியில் வைத்து மடிக்க ஆரம்பித்தார்.

"யார் மேலயும் தப்பில்லனு சொன்னாங்க. அத நான் நம்பினேங்க. அவ எப்பவும் அப்படித்தான், பஸ்ஸுன்னா தலதெறிக்க ஓடுவா. எத்தன தடவ திட்டியிருக்கேன். மழை, அவசரம், விதின்னு சொல்லிச் சொல்லித்தான் நான் படுத்து எந்திரிக்கிறேன். உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்லாம இருந்துச்சு. தெரியுமா? ஒரு துளிகூட இல்லாம இருந்துச்சு." பேடைத் திருப்பி மறுபடி பார்த்தார். "இது ஒண்ணு மாத்தியிருந்தா அவ இருந்திருப்பா. அதச் சொல்லத்தான் வந்தீங்களா?"

எக்ஸ்பிரஸ் எழுந்துவிட்டான்.

"அண்ணே, அது அந்த வண்டியோட பேடு இல்ல. நான்தான் குப்பைலருந்து எடுத்துக் கொடுத்தேன். மாமா படற பாடு தாங்காமப் பொய் சொன்னேன். அவர் வண்டி பேடு புதுசு, நானே மாட்டினது. எலி ஒயரக் கடிச்சதுல லைட் எரிஞ்சுச்சு, அவ்வளவுதான். பிரேக் நல்லா இருந்துச்சு. அவங்க சொன்னது நெசம். யார் மேலயும் தப்பில்ல."

மாமா அவன் பக்கம் திரும்பினார்.

"எலியா?" என்றார் அந்த மனிதர். சிரிக்கிற மாதிரி உதடு கோணியது. "வரும்போது ஒரு கத, மாட்டிக்கிட்டதும் ஒரு கதையா?"

"சத்தியமாண்ணே..."

"நீங்க மெக்கானிக். உங்க மாமா வண்டி. இன்னிக்கு ரெண்டு பேரும் ரெண்டு சொல்றீங்க. அன்னிக்குச் சோதன பண்ணவங்ககிட்ட என்ன சொன்னீங்களோ?" அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "கிளம்புங்க."

மாமா பேடுக்காகக் கையை நீட்டினார், அனிச்சையாக.

"இது இங்கயே இருக்கட்டும்."

படியிறங்கும்போது மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கீழே வந்ததும் வண்டியில் ஏறவில்லை. நடக்க ஆரம்பித்தார். எக்ஸ்பிரஸ் கூப்பிட்டான், கையைப் பிடித்தான். உதறிவிட்டு நடந்தார். அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. வண்டியை எடுத்து, அவருக்குப் பின்னால் ஆள் நடக்கிற வேகத்தில் உருட்டிக்கொண்டு போனான். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுத் தாண்டின. பத்தடி போவான், பிரேக்கை அழுத்துவான். மறுபடி பத்தடி. ஒவ்வொரு தடவையும் வண்டி சொன்ன பேச்சுக் கேட்டு நின்றது.

பாலத்துக்குப் பக்கத்தில் மாமா நின்றார். திரும்பி வந்து ஜன்னலில் கையூன்றிக் குனிந்தார்.

"எலிதானா?"

"ஆமா மாமா."

"பேடு நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு மாமா. என்னை மன்னிச்சிடுங்க."

மாமா தலையசைத்தார். கோபம் இருந்தால் நன்றாயிருந்திருக்கும். அது இல்லை.

"அப்ப நான் அழுத்தினேனா மாப்ளே?"

எக்ஸ்பிரஸுக்கு, அழுத்தியிருப்பீங்க மாமா, தூரம் பத்தியிருக்காது என்று சொல்லத் தோன்றியது. ஆனால் அவன் சொல்வதற்கு இனி என்ன மதிப்பு? அவர் பதிலுக்குக் காத்துக்கொண்டு நிற்கவும் இல்லை.

அச்சகத்துக்காரர் வழக்கை மறுபடி விசாரிக்கச் சொல்லி மனு கொடுத்தார். எக்ஸ்பிரஸைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். உள்ளதை உள்ளபடி சொன்னான். அதிகாரி கொட்டாவி விட்டபடி கேட்டுவிட்டு, பழைய முடிவில் மாற்றமில்லை என்றார். வெளியே நடைவழியில் அந்த மனிதர் மடியில் ஒரு பையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எக்ஸ்பிரஸ் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனான்.

"உள்ள சொன்னதுதாண்ணே உண்மை."

அவர் நிமிர்ந்து பார்த்தார். முன்பு பார்த்ததைவிட இளைத்திருந்தார்.

"இருக்கலாம்," என்றார். "ஆனா என்னால இனிமே அப்படி நெனைக்க முடியலையே."

டாக்சியை ஒரு பழைய வண்டி வியாபாரி வந்து ஓட்டிக்கொண்டு போனார். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்று பாராட்டிவிட்டுத்தான் போனார். மாமா ஜன்னல் பக்கம் வரவில்லை. எக்ஸ்பிரஸ் பட்டறையை மூடிவிட்டு தினமும் அக்கா வீட்டுக்குப் போனான். மாமா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். போர்வைக்குள் அவருடைய வலது கால் மட்டும் அவ்வப்போது எதையோ மிதிக்கிறமாதிரி நீண்டு நீண்டு மடங்கும். அதைப் பார்க்கச் சகிக்காமல் அவனும் அக்காவும் சமையலறைக்கு வந்துவிடுவார்கள்.

"நான்தானே சொல்லச் சொன்னேன்," என்றாள் அக்கா ஒருநாள், பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே. "உன்னத் திட்டக்கூட எனக்கு வழியில்லாமப் போச்சு."

அவன் எழுந்து, அவள் கழுவிய பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கவிழ்த்து வைக்க ஆரம்பித்தான். வழக்கம்போல மெதுவாக. சீக்கிரம் முடித்துவிட்டு எங்கே போவது என்று அவனுக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.